ஒரு நாளைக்கு ஒரு பாட்டில்

1962-ல் ஜப்பானில் லிபோவிட்டான் டி வேண்டுமென்றால் மருந்துக்கடைக்குத்தான் போக வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் பழுப்புக் கண்ணாடி பாட்டில், நூறே மில்லி. டைஷோ என்ற மருந்துக் கம்பெனியின் சரக்கு. அதற்கு முன்பே இதே சத்துகளைக் கண்ணாடி ஆம்பூலில் அடைத்து விற்றுப் பார்த்திருந்தார்கள். ஆம்பூலின் கழுத்தை உடைத்துக் கசப்பைக் குடிக்க யாருக்கு ஆசை வரும்? ருசி சேர்த்து, அளவைக் கூட்டி, பாட்டிலுக்கு மாற்றினார்கள். மருந்துக்கடைகளுக்குக் கம்பெனியே குளிர்பெட்டி கொடுத்தது. மருந்தை ஜில்லென்று குடிக்கலாம் என்பது அன்றைக்குப் புதுச் செய்தி.

இன்று எனர்ஜி டிரிங்க் என்று உலகமெங்கும் விற்கும் சரக்குக்கு நேர் மூதாதை இந்தப் பாட்டில்தான். உள்ளே 1000 மில்லிகிராம் டாரின், 50 மில்லிகிராம் காஃபின், கொஞ்சம் பி வைட்டமின்கள். லேபிளில் இன்றைக்கும் மருந்துக்குரிய கண்டிப்போடு எழுதியிருக்கிறது: 15 வயதுக்கு மேற்பட்டவர்கள், ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒரு பாட்டில். இந்தப் பானம் பிறந்த கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த வரி. அறுபது வருடப் பயணத்தில் டாரின் வந்தது, காஃபின் வந்தது, வைட்டமின்கள் வந்தன. வழியில் தொலைந்தது அளவுதான்.

டாரின் என்றதும் காளையின் விந்தில் எடுக்கிறார்கள் என்று ஒரு புரளி கல்லூரி விடுதிகளில் உலவும். பாதி வம்பு, பாதி வரலாறு. 1827-ல் டீடமன், க்மெலின் என்ற இரண்டு ஜெர்மன் விஞ்ஞானிகள் அதை முதலில் பிரித்தெடுத்தது எருதின் பித்தநீரிலிருந்து. இன்று கேனில் இருப்பது ஆலையில் ரசாயன முறையில் தயாராவது. எருதுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நம் உடம்பே டாரினைத் தயாரித்துக்கொள்கிறது. இதயத் தசையில் உண்டு, மூளையில் உண்டு. மீனிலும் கணவாயிலும் இறைச்சியிலும் கிடைக்கிறது. பூனைக்குத்தான் தேவையான அளவு தயாரிக்கும் திறன் இல்லை. உணவில் டாரின் கிடைக்காத பூனைக்குப் பார்வை போகும், இதயம் தளரும். மனிதன் அதைக் குடித்தால் தெம்பு கூடுமா என்றால், பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி சான்று இல்லை.

வேலை செய்வது காஃபின். அதை 1819-ல் பிரித்தெடுத்தவர் ருங்கே என்ற இளம் வேதியியலர். ஒரு செடியின் சாறு பூனையின் கண்மணியை விரியச் செய்வதை மகாகவி கதேயின் முன்னால் நடத்திக் காட்டினாராம். மகிழ்ந்துபோன கதே, அந்நாளில் அபூர்வமான காப்பிக்கொட்டைகளைக் கையில் கொடுத்து இதையும் ஆராய்ந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். உலகம் இன்று விழித்திருப்பதில் ஒரு கவிஞருக்கும் பங்கு இருக்கிறது.

லிபோவிட்டான் வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். போருக்குப் பின் ஜப்பானில் ஹிரோபோன் என்ற மாத்திரை மருந்துக்கடையிலேயே கிடைத்துக்கொண்டிருந்தது. அது மெத்தாம்ஃபெட்டமின், அசல் போதைப்பொருள். லட்சக்கணக்கானவர்கள் அதில் விழுந்த பிறகு, 1951-ல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். மாத்திரைக்குப் பதிலாகத்தான் பானம் வந்தது என்று நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் ராத்திரி பகல் பாராமல் உழைத்து நாட்டைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த ஒரு சமூகத்துக்குக் களைப்பைத் தள்ளிப்போட ஏதோ ஒன்று தேவைப்பட்டது. சட்டம் அனுமதித்த ஒன்று, அளவு குறித்த லேபிளோடு, மருந்துக்கடையில் இருந்தது. 1999-ல் விதியைத் தளர்த்திச் சாதாரணக் கடைகளிலும் விற்க விட்டார்கள். அதுவரை 37 வருடம் அது மருந்துக்கடைச் சரக்கு.

ஜப்பானிலிருந்து இந்தப் பானம் தாய்லாந்துக்குப் போனது. அங்கே சலியோ யூவித்யா என்பவர் மருந்துக் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். பிழைப்பு தேடி வந்த சீனக் குடும்பத்தில், பிச்சித் மாகாணத்தில் பிறந்தவர். பெரிய படிப்பு கிடையாது. ஆன்டிபயாட்டிக் விற்பனைப் பிரதிநிதியாகத் திரிந்து, பிறகு சொந்தக் கம்பெனி தொடங்கியவர். தாய்லாந்தில் அப்போது விற்ற ஜப்பானியச் சரக்கு பாங்காக்கின் நடுத்தர வர்க்கத்துக்கானது. சலியோ வேறு ஆளைப் பார்த்தார்: ராத்திரி முழுக்க ஓட்டும் லாரி டிரைவர், வெயிலில் நிற்கும் கட்டடத் தொழிலாளி, வயலில் குனியும் விவசாயி. இனிப்பைத் தூக்கலாகப் போட்டு, விலையைக் குறைத்து, 1970-களின் நடுவில் கிராட்டிங் டேங் என்ற பெயரில் இறக்கினார். லேபிளில் இரண்டு சிவப்புக் காட்டெருமைகள் மோதிக்கொள்ளும், பின்னால் மஞ்சள் சூரியன். தாய் குத்துச்சண்டை மேடைகளில் விளம்பரம். 150 மில்லி பாட்டில், கேஸ் கிடையாது, கஷாயம் மாதிரி கொஞ்சம் கெட்டியாக இருக்கும்.

அந்தப் பாட்டிலிலும் அளவு இருந்தது. தாய்லாந்து அரசு வைத்த வரம்பு ஒரு பாட்டிலுக்கு 50 மில்லிகிராம் காஃபின். லேபிளில் தாய்லாந்து மொழியில் எச்சரிக்கை: ஒரு நாளைக்கு இரண்டு பாட்டிலுக்கு மேல் குடிக்காதீர்கள், இதயம் படபடக்கும், தூக்கம் வராது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் குடிக்கக் கூடாது. நோயாளிகள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதிகமாகக் குடித்தால் என்ன ஆகும் என்று பிற்பாடு ஆராய்ச்சிக் கட்டுரைகள் பக்கம் பக்கமாக எழுதியதன் சாரம் அந்த லாரி டிரைவரின் கையில் அப்போதே இருந்தது. அவர் படித்தாரா, படித்தும் மூன்றாவது பாட்டிலைத் திறந்தாரா என்பது வேறு விஷயம்.

இனி ஒரு பற்பசை வியாபாரி வருகிறார். டீட்ரிச் மாட்டெஷிட்ஸ், ஆஸ்திரியாக்காரர். பிளெண்டாக்ஸ் என்ற ஜெர்மன் பற்பசைக் கம்பெனிக்காக ஊர் ஊராகச் சுற்றியவர். 1982-ல் ஹாங்காங் ஓட்டல் ஒன்றில் உட்கார்ந்து பத்திரிகை புரட்டியபோது, ஜப்பானில் அதிக வரி கட்டுபவர் கார் கம்பெனி முதலாளி இல்லை, ஒரு டானிக் கம்பெனிக்காரர் என்று படித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். தாய்லாந்து போனார். நெடும்பயண அலுப்பு கிராட்டிங் டேங் ஒரு பாட்டிலில் ஓடிப்போனது. விசாரித்தால், அதைத் தயாரிப்பவர் தன் பற்பசைக் கம்பெனியோடு ஏற்கெனவே தொழில் தொடர்பில் இருக்கும் சலியோதான்.

1984-ல் இருவரும் ஆளுக்கு ஐந்து லட்சம் டாலர் போட்டுக் கூட்டுச் சேர்ந்தார்கள். ஆளுக்கு 49 சதவீதம், மீதி இரண்டு சலியோவின் மகனுக்கு. சந்தை ஆய்வு நடத்தியதில் நிறம், ருசி எல்லாவற்றுக்கும் படு மோசமான மார்க். மாட்டெஷிட்ஸ் கேட்கவில்லை. 1987 ஏப்ரல் 1 அன்று ஆஸ்திரியாவில் ரெட் புல் விற்பனைக்கு வந்தது. முட்டாள்கள் தினத்தில்.

அவர் செய்த மாற்றங்கள் வெளிப்பார்வைக்குச் சின்னவை. இனிப்பைக் குறைத்தார், கேஸ் ஏற்றினார், பழுப்பு பாட்டிலை நீக்கி நீலமும் வெள்ளியுமாய் ஒல்லியான 250 மில்லி கேன் கொண்டுவந்தார். காஃபின் 80 மில்லிகிராம் ஆனது. விலையை வேண்டுமென்றே ஏற்றி வைத்தார். பெரிய மாற்றம் குடிக்கும் ஆளில் நடந்தது. பனிச்சறுக்கு மலை, டிஸ்கோ, கார்ப் பந்தயம், கல்லூரி வளாகம் என்று விற்கத் தொடங்கினார்கள். மாணவர்களையே விளம்பர ஆட்களாக நியமித்துக் கேன்களை இலவசமாகக் கொடுத்தார்கள். களைத்தவன் வேலை முடிக்கக் குடித்த மருந்து, களைக்காதவன் கூத்தாடக் குடிக்கும் பானமானது. வியாபார வரலாற்றில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான இடமாற்றம் அதிகம் இருக்காது. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டே அதன் விளைவைப் பார்த்துக் கலங்கவும் வேண்டியிருக்கிறது.

1997-ல் சரக்கு அமெரிக்கா போனது. அங்கே எதையும் சின்னதாக விற்றால் மதிப்பில்லை. 2002-ல் வந்த மான்ஸ்டர் 473 மில்லி கேன்: 160 மில்லிகிராம் காஃபின், 54 கிராம் சர்க்கரை. பிறகு 24 அவுன்ஸ் கேனும் வந்தது, அதில் 240 மில்லிகிராம். டோக்கியோ மருந்துக்கடையில் ஒரு நாள் அளவு 50. கலிபோர்னியா பெட்ரோல் பங்கில் ஒரே கேனில் அதைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. பல கம்பெனிகள் இதைக் குளிர்பானம் என்று சொல்லாமல் ‘ஊட்டச்சத்துத் துணைப்பொருள்’ என்ற வகையில் பதிந்து விற்றன. குளிர்பானத்துக்கான கட்டுப்பாடு வேறு, துணைப்பொருளுக்கு வேறு.

உள்ளே போன காஃபின் செய்வது என்ன? நாள் முழுக்க மூளை உழைக்க உழைக்க அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். மூளைச் செல்களில் அதற்கென்று இருக்கும் ஏற்பிகளில் அது போய் உட்கார்ந்தால் நமக்குக் கண் சொருகும். காஃபின், கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பவரைப் போல, அந்த இடங்களை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. அடினோசின் ஏறி வந்து நிற்கிறது, உட்கார இடமில்லை. களைப்பு தெரியவில்லை, ஆனால் களைப்பு போகவில்லை. நான்கைந்து மணி நேரம் கழித்துத் துண்டை எடுத்ததும் நின்ற கூட்டம் மொத்தமும் உட்காரும். அந்த நேரத்தில்தான் அடுத்த கேன் திறக்கப்படுகிறது.

இதோடு அட்ரினலின் வகை ஹார்மோன்கள் கிளம்பும். இதயத் துடிப்பு வேகமாகும், ரத்த அழுத்தம் ஏறும், விரல் நடுங்கும், வயிற்றில் அமிலம் கூடும், காரணமில்லாமல் பதற்றம் வரும். உடம்பில் போன காஃபினில் பாதி வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்கு 160 மில்லிகிராம் குடித்த பையனின் உடம்பில் ராத்திரி பதினொன்றுக்கு 80 மிச்சம் இருக்கும், அதாவது படுக்கப்போகும்போது ஒரு சின்ன கேன் குடித்த கணக்கு. தூங்கினாலும் ஆழ்ந்த தூக்கம் இல்லை. காலையில் மந்தம், மந்தத்துக்கு இன்னொரு கேன். கர்ப்பிணிகளுக்குக் காஃபின் வெளியேற இன்னும் நெடுநேரம் எடுக்கும். சர்க்கரைக் கணக்கு தனி. 250 மில்லி கேனில் 27 கிராம். சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. சர்க்கரை இல்லாத கேன் வாங்கினால் இந்தக் கணக்கு தீரும், காஃபின் கணக்கு தீராது. சிட்ரிக் அமிலம் பல் எனாமலை அரிப்பதும் நிற்காது.

காப்பியில் இல்லாத காஃபினா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்வி. ஒரு கோப்பை அமெரிக்கக் காப்பியில் சுமார் 95 மில்லிகிராம் இருக்கும், சின்ன கேனைவிட அதிகம். இதே கேள்வியை அமெரிக்கக் குடிமக்கள் தலைகீழாகத் திருப்பி ரெட் புல் மீது வழக்குப் போட்டார்கள்: ஒரு கோப்பைக் காப்பிக்கு மேல் எதுவும் செய்யாத பானத்தை ஏதோ அதிசயம் போல விற்கிறார்கள் என்று. 2014-ல் தவறை ஒப்புக்கொள்ளாமலே கம்பெனி 1 கோடியே 30 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. ஆனால் சூடான காப்பியை ஊதி ஊதித்தான் குடிக்க முடியும். ஜில்லென்ற இனிப்புப் பானத்தை விளையாடிக் களைத்துவந்த பதினான்கு வயதுப் பையன் மடக் மடக்கென்று ஒரே மூச்சில் இறக்கிவிடுவான்.

காஃபினோடு கதை முடியவில்லை என்றும் ஒரு சந்தேகம் உண்டு. 2017-ல் அமெரிக்க இதய நலச் சங்கத்தின் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வந்தது. ஆரோக்கியமான 18 பேர். ஒரு நாள் 946 மில்லி எனர்ஜி டிரிங்க், அதில் 320 மில்லிகிராம் காஃபின். இன்னொரு நாள் அதே அளவு காஃபின் கலந்த வேறு பானம். இரண்டு மணி நேரம் கழித்து ஈசிஜி எடுத்ததில், எனர்ஜி டிரிங்க் குடித்தபோது கியூடி இடைவெளி 10 மில்லிசெகண்ட் கூடுதலாக நீண்டிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரத்தின் அளவு அது. மிகவும் நீண்டால் தாளம் தவறும். ஆறு மணி நேரம் ஆகியும் ரத்த அழுத்தம் முழுசாக இறங்கவில்லை. 2019-ல் 34 பேரை வைத்து நடந்த இன்னோர் ஆய்விலும் கியூடி நீண்டது. சின்ன ஆய்வுகள்தான், எந்தப் பொருள் காரணம் என்றும் அவை சொல்லவில்லை. ஆனாலும் காப்பிக்குச் சமம் என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது.

அளவு மீறிக் குடித்தவர்களின் கதைகள் மருத்துவச் சஞ்சிகைகளில் கிடக்கின்றன. 2021-ல் வெளியான ஒன்று பிரிட்டனில் நடந்தது. 21 வயது மாணவர், நாளொன்றுக்கு நான்கு 500 மில்லி கேன், சுமார் இரண்டு வருடம். ஒவ்வொன்றிலும் 160 மில்லிகிராம், மொத்தம் 640. பெரியவர்களுக்கு நாளுக்கு 400, ஒரே வேளையில் 200 என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் வரம்பு. நெஞ்சு படபடப்பையும் கை நடுக்கத்தையும் அவர் சட்டை செய்யவில்லை. மூச்சு வாங்கி, எடை குறைந்து, கடைசியில் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது இதயத்தின் இரண்டு பக்கமும் தளர்ந்திருந்தது. தீவிர சிகிச்சை, மொத்தம் 58 நாள். இதயமாற்று அறுவைகூட யோசனையில் இருந்தது. அவரது சிறுநீரகக் கோளாறு பழையது, பானத்தின் மேல் போட முடியாது. இதயத்துக்கு வேறு காரணம் தென்படாததால் டாக்டர்கள் கேன்களைச் சந்தேகித்தார்கள். குடிப்பதை நிறுத்தி, மருந்தும் எடுத்து, சில மாதங்களில் இதயம் பெரும்பாலும் தேறிவிட்டது. கேன் கிடைக்காத நாளில் மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். இப்படி ஆட்டிவைக்கும் பொருளை நாம் பொதுவாகக் குளிர்பானம் என்று சொல்வதில்லை.

இன்னொருவர் ஃபுளோரிடாவில் கட்டட வேலை பார்த்த 50 வயதுக்காரர். மூன்று வாரம் தினமும் நான்கைந்து பாட்டில் குடித்து, கண் மஞ்சளாகி வந்தார். கல்லீரல் அழற்சி. காஃபினைவிட, வைட்டமின் பி3 அளவு மீறியதுதான் காரணமாகப் பட்டது. சத்து என்று லேபிளில் பெருமையாகப் போடும் அதே வைட்டமின். மேரிலாந்தில் 2011 டிசம்பரில் 14 வயதுப் பெண் இரண்டு 24 அவுன்ஸ் கேன் குடித்த பிறகு இதயம் நின்று இறந்தாள். அவளுக்குப் பிறவியிலேயே உடல் கோளாறு இருந்தது. பானம் காரணமில்லை என்று கம்பெனி மறுத்தது. இந்த மறுப்பை விலக்கிவிட்டுப் பார்த்தாலும், தனக்கு இதயக் கோளாறு இருப்பது தெரியாமலே கேன் திறக்கும் பிள்ளைகள் எங்கும் உண்டு. அமெரிக்க அரசின் கணக்கில், எனர்ஜி டிரிங்க் தொடர்பாக அவசரப் பிரிவுக்கு வந்த வருகைகள் 2007-ல் 10,068, 2011-ல் 20,783. அவற்றில் மதுவோ வேறு மருந்தோ சேர்ந்தவையும் பல.

மதுவோடு கலப்பது தனி ஆபத்து. போதை ஏறியது தெரியாது, ஏறியது இறங்கவும் இறங்காது. ஃபோர் லோகோ என்று காஃபினும் மதுவும் கலந்தே ஒரு கேன் அமெரிக்காவில் வந்து, மாணவர்கள் கும்பலாக ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, 2010 நவம்பரில் அரசு எச்சரிக்கை அனுப்பியது. காஃபினை எடுத்துவிட்டார்கள். கண்ணாடி டம்ளரில் தானே கலந்துகொள்பவரை எந்த நோட்டீஸும் தடுக்கப்போவதில்லை.

பிரான்ஸ் டாரினைச் சந்தேகித்து 2008 வரை ரெட் புல்லை உள்ளே விடவில்லை. லிதுவேனியா 2014-லும், போலந்து 2024 ஜனவரி முதலும் 18 வயதுக்குக் கீழே விற்பதைத் தடை செய்தன. சிகரெட் கேட்பவனிடம் போல வயது கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். பிறந்த நாடான ஜப்பானிலும், 2015-ல் ராத்திரி வேலை பார்த்த இளைஞர் ஒருவர் காஃபின் நச்சேறி இறந்ததை ஃபுகுவோகா பல்கலைக்கழகம் வெளியிட்டது. பானத்தோடு காஃபின் மாத்திரையும் போட்டிருந்தார்.

நம் பெட்டிக்கடையில் இப்போது 250 மில்லி பிளாஸ்டிக் பாட்டில் இருபது ரூபாய்க்குத் தொங்குகிறது. கேன் நூறு ரூபாய்க்கு மேல் விற்ற காலத்தில் அது பணக்காரப் பிள்ளைகளின் விஷயம். இருபது ரூபாய் என்றதும் ஏழாம் வகுப்புப் பையனின் கைக்கு எட்டிவிட்டது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி இதன் பெயர் ‘காஃபின் கலந்த பானம்’. லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம். குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஏற்றதல்ல, ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்று அச்சிட வேண்டும். அச்சிட்டுத்தான் இருக்கிறார்கள், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். வயது கேட்டு விற்கச் சொல்லும் விதி நாடு முழுமைக்கும் இல்லை. கடைக்காரர் அண்ணாச்சிக்கு அதுவும் ஒரு கலர்தான்.

பிள்ளை ராத்திரி தூங்கவில்லை, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான் என்று டாக்டரிடம் போகும்போது, இதைப் பற்றி அவர் கேட்காமல் விட்டுவிடலாம். கூல் டிரிங்க்ஸ் குடிப்பான் என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்தப் பானம், ஒரு நாளைக்கு எத்தனை மில்லி, எத்தனை மாதமாக என்று விவரமாகச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென்று நெஞ்சு நின்று இறந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ஈசிஜி பார்க்கும்போது அந்த இரண்டு தகவலும் அவருக்குத் தேவைப்படும்.